கோப்பியும் பாலும் ஏன் கலக்கவில்லை?

மாணவர்களே, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ரோஸ் சிரப் தண்ணீருக்குப் பக்கத்தில் இப்போது அடுக்குக் கோப்பியும் இடம்பிடித்துவிட்டது. கண்ணாடிக் குவளையின் அடியில் டின் பால், நடுவில் வெள்ளைப் பால், மேலே கறுப்புக் கோப்பி. மூன்றும் திரவங்கள்தாம். ஆனாலும் உடனே கலந்துவிடவில்லை. ஏன்?

காரணம் அடர்த்தி. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் நிறை 1 கிராம். சீனி போடாத கோப்பியும் ஏறக்குறைய அவ்வளவே. பசும்பால் 1.03 கிராம். டின் பாலோ சுமார் 1.3 கிராம். அடர்த்தி மிகுந்தது அடியில் தங்கும். குறைந்தது மேலே நிற்கும்.

லூமுட்டில் வசிப்பவர்களுக்கு இதே பாடம் கண்ணெதிரே இருக்கிறது. டிண்டிங் ஆறு அங்கேதான் கடலைச் சேர்கிறது. ஆற்று நீரின் அடர்த்தி 1.00; கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. ஆற்று முகத்துவாரங்களில் நன்னீர் மேலே பரவ, உப்புநீர் அதன் அடியில் ஆப்புபோல் நுழையும். கடல் ஏற்றமும் இறக்கமும் அவற்றைக் கலக்கிவிடும். பங்கோர் ஃபெர்ரியின் விசிறியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கலக்கும்!

வீட்டில் செய்து பாருங்கள். குவளையில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் குளிர்ந்த பாலை மெதுவாக ஊற்றுங்கள். ஆற வைத்த கோப்பியையும் அப்படியே ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் அந்த விசையே அடுக்கைக் கலைத்துவிடும்.

அடுத்த குவளைக்கு, 100 மில்லிலிட்டர் கோப்பியில் 25 கிராம் சீனியைக் கரைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதன் அடர்த்தி சுமார் 1.08. பாலைவிட அதிகம். ஆகவே கோப்பி பாலைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். ஈப்போ வெள்ளைக் கோப்பி என்று கடையில் விற்கும் ‘மூன்றும் ஒன்றில்’ பொட்டலத்தைப் பயன்படுத்தினாலும் அடுக்கு சரியாக வராது. அதில் சீனியும் பால்மாவும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. கோப்பிக் கொட்டையை மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுப்பதுதான் ஈப்போ வெள்ளைக் கோப்பியின் அடையாளம். வழக்கமான கோப்பி-ஓ தூளுக்குச் சீனியும் சேர்த்து வறுப்பார்கள்.

இனி, சற்றுக் கவலை தரும் பகுதி. ஐஸ் கோப்பிக்கு மட்டும் ஏன் டின் பாலைத் தாராளமாக ஊற்றுகிறார்கள்? நம் நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்னும் புரதம் உண்டு. 15 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற அது கூடுதலாகச் செயல்படுகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் இதைக் கண்டறிந்தார்கள். குளிரில் அது மந்தமாகிவிடும். அதே அளவு சீனி இருந்தும் நாக்கு “போதவில்லை” என்கிறது.

கணக்குப் போடுவோம். டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் சீனி 10 கிராம். மூன்று கரண்டிக்கு 30 கிராம். பெரியவர்களுக்கே நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு குவளையிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. அதிரசமும் நெய் உருண்டையும் இன்னும் தட்டில் காத்திருக்கின்றன.

டின் பாலை ஒரு கரண்டியாகக் குறைத்தால் அடுக்கு கெட்டுவிடுமா? கெடாது. அளவு குறைந்தாலும் அதன் அடர்த்தி 1.3 தான். அடுக்கு மெல்லியதாகும், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஐஸ் உருகி வரும் தண்ணீர் மூன்று அடுக்குகளில் எதனோடு சேரும்? கலக்காமல் பத்து நிமிடம் வைத்திருந்து கவனியுங்கள்.