கதிர்: சொல்லின் பொருளும் பயனும்

'கதிர்' என்னும் சொல்லுக்கு நம் கிராமங்களில் மூன்று பொருள் உண்டு. வயலில் நெல் ஈனுவதும் கதிர். சூரியன் வீசும் ஒளியும் கதிர். இராட்டையில் நூலை முறுக்கும் இரும்புக் கம்பியும் கதிர். முதலிரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதை இங்கு ஆராய்வோம்.

1. தொழிற்பொருள்: இராட்டைச் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள், கயிற்றினால் இழுக்கப்பெற்ற கதிர் பன்முறை சுழலும். அதன் முனையில் பஞ்சு இழையாகி முறுக்கேறும். அவ்விழையே பின்னர்க் கதிரின் உடலில் சுற்றப்படும். இதனைத் தெலுங்கர் 'கதுரு' என்றும், கன்னடர் 'கதிர்' என்றும் வழங்குவர்.

2. வேறுபாடு: தக்களி என்பது சக்கரமின்றிக் கைவிரலால் சுழற்றப்படுவது. 1937-இல் வகுக்கப்பட்ட வார்தா ஆதாரக் கல்வித் திட்டம் நூற்றலைப் பாடமாக்கியபின் அது மாணவர் கைக்கும் சென்றது. தார் என்பது நாடாவினுள் வைக்கும் ஊடைநூற் குச்சி. நெசவாளர் வீட்டில் தார் சுற்றும்போது குச்சியைக் கதிரில் செருகுவர். அங்கு நூற்றல் இல்லை, சுற்றல் மட்டுமே.

3. ஆலைக் கணக்கு: நூற்பாலையின் அளவையும் கதிரால் கூறுவர். 12,000 கதிர் என்றால் அத்தனை ஆட்களோ இயந்திரங்களோ அல்ல; ஒரே வேளையில் 12,000 இழைகள் நூற்கக்கூடும் என்பதே பொருள். கூட்டுறவு நூற்பாலைகளின் ஆண்டறிக்கையை வாசிக்கும் அங்கத்தினர் இதனை நினைவிற் கொள்க.

4. கூலியும் கதிரும்: 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு 20 சிட்டம் நின்றால் அது 20-ஆம் நம்பர் நூல். கதிர் வளைந்திருப்பின் முனை நடுங்கும்; இழை ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் அறும். நூற்போருக்கு வாழ்க்கைக்குப் போதிய கூலி வேண்டுமென்னும் கொள்கையை அகில இந்திய சர்க்கா சங்கம் 1935-இல் ஏற்றது. ஆயினும், கூலிவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் அறுந்து வீணான நூல் சிட்டத்தில் சேராது. அந்த நஷ்டம் நூற்கும் பெண்ணையே சாரும்.

5. சோதிக்கும் முறை: கதிரைக் கழற்றிச் சமமான பலகைமேல் உருட்டுக. தடையின்றி உருண்டால் நேரானது, துள்ளினால் வளைந்தது. மேடிட்ட இடத்தைப் பட்டடையில் வைத்து மெல்லத் தட்டுவித்து, மறுபடியும் உருட்டிப் பார்க்க.

சங்கத்திற்கு முறையிடுவோர் 'இராட்டை கெட்டது' என்று பொதுப்பட எழுதாது, 'கதிர் வளைந்தது' எனக் குறித்தெழுதுக. சக்கரத்தைச் செப்பனிடுபவர் தச்சர்; கதிரை நிமிர்த்துபவர் கொல்லர். சொல் சரியாயிருப்பின் சரியான ஆள் வருவார். நூற்பவரின் வேலைநாளும் வீணாகாது.