பெட்டியில் எழுதிய வேகத்தை நம்பி வரப்பில் உட்காராதீர்கள்

"லைசென்ஸே வேண்டாம் சார். 1,300 எஃப்.பி.எஸ். ஏர் கன் ஒண்ணு வாங்கி, ஸ்கோப் மாட்டினா 200 மீட்டர்ல பன்றியைச் சாய்ச்சிரலாம். எல்லாம் சேர்த்து இருபதாயிரம்தான்."

வேடசந்தூர் மக்காச்சோளக் காட்டிலிருந்து நத்தம் மாந்தோப்பு வரை இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிற யாரும் சுட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. மச்சானுக்கு யாரோ அனுப்பிய வீடியோதான் ஆதாரம். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தாலே இந்தக் கதையைக் கிழித்துவிடலாம்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் எல்லாக் காற்றுத் துப்பாக்கிக்கும் விலக்குத் தரவில்லை. குழல் .177, அதாவது 4.5 மி.மீ.; ஆற்றல் 20 ஜூலுக்குள். இந்த வரம்பைத் தாண்டாததற்குத்தான் உரிமம் வேண்டாம். எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு. 1,300 என்றால் நொடிக்கு 396 மீட்டர். 20 ஜூலுக்குள் அந்த வேகம் வர வேண்டுமானால் குண்டின் எடை கால் கிராம்தான் இருக்க முடியும். கடையில் டப்பாவில் வாங்கும் ஈயக் குண்டோ அரை கிராம் அளவு இருக்கும். ஆக, பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண் லேசான அலாய் குண்டைப் போட்டு எடுத்த எண். அதே துப்பாக்கியில் ஈயக் குண்டைப் போட்டால், முழு 20 ஜூலும் கிடைத்தாலும் நொடிக்கு 280 மீட்டரைத் தாண்டுவதே பாடு.

லேசான குண்டையே போடுகிறேன் என்பீர்கள். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். இடுப்பு ஒடுங்கிய இந்தக் குண்டுக்கு அதைத் தாண்டிய வேகம் ஆகாது, தள்ளாடிக்கொண்டு போகும். எடை இல்லாததால் காற்று அதைச் சீக்கிரமே மட்டுப்படுத்தியும் விடும்.

ஈயக் குண்டு மட்டும் என்ன செய்துவிடும்? நொடிக்கு 240 மீட்டரில் கிளம்புகிற குண்டு 50 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருக்கும். 100 மீட்டரில் இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று போதும், 50 மீட்டரில் குண்டைப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு ஒதுக்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒட்டன்சத்திரம் பக்கம் வரும் ஆடிக் காற்று பதினைந்தோடு நிற்கிறதா? இதில் 200 மீட்டராம்!

பட்டாலும் பன்றி சாகாது. சாதாரண .22 ரைஃபிள் குண்டுக்கு இதைப்போல ஏழு மடங்கு ஆற்றல். அதுவே பன்றிக்குப் போதாது. காயத்தோடு ஓடிப் புதரில் கிடக்கும் பன்றி, மறுநாள் புல்லறுக்கப் போகிற அம்மாவின் மேல் பாயும். தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினரின் வேலை, தோட்டக்காரர் வேலை அல்ல. மயிலைச் சுட்டால் இன்னும் மோசம், அது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது: குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. பயிர் போன வயிற்றெரிச்சல் எனக்கும் புரியும். அதற்கு மருந்து இது இல்லை.

மற்ற கதைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அடையாள அட்டை கேட்கிற கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அடையாளமும் முகவரியும் வாங்காமல் விற்பவரிடம்தான் வாங்கக் கூடாது. ".303 வாங்கித் தருகிறேன்" என்பவர் உங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறார், அது தடை செய்யப்பட்ட அளவு. ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டில்லாமல் சுட்டுப் பழகலாம் என்பது பிஸ்டனுக்குச் செய்யும் கொலை.

"ஸ்கோப் பெரிசா இருந்தா போதும்" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், பணம் வீணாவது அங்கேதான். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய ரைஃபிளுக்குச் செய்த ஸ்கோப்கூட அதில் உள்ளே கழன்றுவிடும். ஏர் கன்னுக்கென்றே செய்தது, பத்து மீட்டர் வரை தெளிவைத் திருகி மாற்றக்கூடியது, நான்கு மடங்கு பெரிதாக்கினாலே போதும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் மவுன்ட் மட்டமாக இருந்தால், திண்டுக்கல் பூட்டை ஆடுகிற நாதாங்கியில் போட்ட கதைதான். இருபதாயிரத்தில் பாதிக்கு மேல் துப்பாக்கிக்குப் போடாதீர்கள். மீதியில் நல்ல மவுன்டும் ஸ்கோப்பும், நாலைந்து வகைக் குண்டும் வாங்குங்கள். எந்தக் குண்டு உங்கள் குழலுக்குச் சேரும் என்று விலைப்பட்டியல் சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

20 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள், அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி திருத்துங்கள். பின்னால் குண்டு தாண்டாத சுவரோ மண்மேடோ இருக்க வேண்டும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் கிடக்க விட்டு ஐந்து குண்டு சுட்டு, கூட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு ஸ்கோப்பின் திருகைத் தொடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது. 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர் நகர்த்தும் ஒரு கிளிக், 20 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்த்தும். மூன்று சென்டிமீட்டர் விலகினால் இருபது கிளிக்.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது பத்து மீட்டர் தூரத்தில், ஸ்கோப் இல்லாமல். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனதும் இதே பத்து மீட்டருக்காகத்தான். இந்த விளையாட்டுக்கு மலையும் காடும் தேவையில்லை, ஒரு கொட்டகை போதும். திண்டுக்கல்லில் பூட்டிக் கிடக்கும் புகையிலைக் கிடங்கு ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட யாருக்காவது மனம் வந்தால், முதல் வருஷத்துக்கான காகித இலக்குகளை நான் வாங்கித் தருகிறேன்.