பத்தாண்டுத் திட்டம் எழுதும் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு

அன்புள்ள தம்பி,

சென்னைக்கான பத்தாண்டுத் திட்டத்தின் முதல் வரைவு உன் மேசைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். வாங்க வேண்டிய வண்டிகளின் பட்டியலிலிருந்து தொடங்கப் போவதாகவும் சொல்லியிருந்தாய். வண்டியிலிருந்து தொடங்காதே, ஆளிலிருந்து தொடங்கு. புது வண்டியைக் கொடியசைத்து அனுப்பலாம், செய்தித்தாளில் படம் வரும். நள்ளிரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் அந்த வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது படத்தில் தெரியாது. திட்டம் எழுதுகிறவன் முதலில் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

ஒரு வாட்டர் டெண்டரை எடுத்துக்கொள். ஓட்டுநர் பம்பை விட்டு நகர முடியாது. பொறுப்பு அலுவலர் ஒருவர் வேண்டும். புகைக்குள் பி.ஏ. செட் எனும் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எப்போது நுழைந்தார்கள், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று வாசலில் நின்று கணக்கு வைக்க ஒருவர். ஹோஸ் இழுக்கவும், உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் கைகொடுக்கவும் இன்னொருவர். ஆக ஆறு பேர். நான்கு பேரோடு புறப்படும் வண்டி தெருவில் நின்று தண்ணீர் அடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவரை எடுக்க முறைப்படி அதனால் முடியாது. முறையை மீறி நம் ஆட்கள் பலமுறை உள்ளே போயிருக்கிறார்கள், உயிரோடு ஆளைத் தூக்கிக்கொண்டும் வந்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை முதலீடாக வைத்துத் திட்டம் எழுதக் கூடாது.

ஆறு இடமும் எந்நேரமும் நிரம்பியிருக்க எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும்? ஆண்டுக்கு 8,760 மணி நேரம். எட்டு மணி நேரப் பணி என்று வைத்துக்கொள்வோம். வார ஓய்வு 52, பண்டிகை விடுமுறை 12, எல்லா விடுப்பும் சேர்த்து 30, பயிற்சிக்கு 10 என்று கழித்தால் ஒருவர் 261 நாள் வருவார், அதாவது 2,088 மணி நேரம். வகுத்துப் பார்: ஓர் இடத்துக்கு 4.2 பேர். ஆறு இடத்துக்கு 25 பேர். இது ஒரே ஒரு வண்டிக்கு. பணிமுறையையும் விடுப்பையும் உன் பதிவேட்டில் உள்ளபடி மாற்றிப் போட்டுக்கொள், கணக்கின் போக்கு மாறாது. "வண்டிக்கு ஒப்புதல், பணியிடம் பிறகு பரிசீலிக்கப்படும்" என்ற குறிப்போடு கோப்பு திரும்பினால், இந்த ஒரு பத்தியை அப்படியே மேலே அனுப்பு. வண்டியின் விலை ஒருமுறைச் செலவு. அதில் ஏறுகிறவர்களின் சம்பளம் முப்பது ஆண்டுச் செலவு என்பதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுது.

அடுத்து, வயது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பொதுப் பிரிவில் 18 முதல் 26 வயதுக்குள் தீயணைப்பாளர்களை எடுக்கிறது. ஓய்வு வயது 2021 முதல் 60. ஒரே அறிவிப்பில் மொத்தமாகச் சேர்ந்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் மொத்தமாக வெளியேறுவார்கள். அவர்களோடு பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஓட்டுநர்களும், சுவரைப் பார்த்து "உள்ளே போகாதே" என்று தடுக்கும் முன்னணித் தீயணைப்பாளர்களும் போய்விடுவார்கள். எந்த ஆண்டு எத்தனை பேர், எந்தப் பதவியில், எந்த நிலையத்தில் ஓய்வு பெறுகிறார்கள் என்று ஒரு வரைபடம் போடு. பள்ளம் தெரியும் ஆண்டுக்கு முன்பே ஆள் எடுத்து, தாம்பரம் பயிற்சி மையத்தில் பழக்கி, மூத்தவர்களோடு சில காலமாவது ஓடவிட வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்காரரைக் கனமான பி.ஏ. செட்டோடு ஒன்பதாவது மாடிக்கு ஏறச் சொல்லும் நிலையும் வரக் கூடாது. கட்டுப்பாட்டு அறை, ஆய்வுப் பணி, பயிற்சி என்று அவருடைய அனுபவம் பயன்படும் இடங்களைத் திட்டத்திலேயே உருவாக்கு.

இனி கருவிகளுக்கு வா. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. ஆகவே ஒரே ஆண்டில் வாங்கிய வண்டிகள் ஒரே ஆண்டில் கழிவுக்குப் போகும். ஆண்டுதோறும் சில வண்டிகள் என்று பிரித்து வாங்குவதற்குத் திட்டத்தில் இடம் வை. கார்பன் கலவையால் ஆன காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் பொதுவாக 15 ஆண்டு, நடுவில் அழுத்தச் சோதனைகளும் உண்டு. பெயருக்கு 45 நிமிடம் வரும் என்று எழுதியிருக்கும் சிலிண்டர், படியேறி மூச்சிரைக்கும் உடலுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் உதிரிச் சிலிண்டர், காற்று நிரப்பும் கம்ப்ரசர், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பி.ஏ. செட்டின் விலை. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு 2023இல் மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரும்பாலான மாநிலங்கள் 25 விழுக்காட்டைத் தம் பங்காகப் போட வேண்டியிருந்தது. இப்படி வரும் பணத்தைக் கட்டாயம் பயன்படுத்து. ஆனால் அதில் வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஆறாவது ஆண்டுப் பராமரிப்புச் செலவை யார் தருவார்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடு.

புது நிலையங்கள் எங்கே என்று கேட்பார்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நகரத்தில் பத்து சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்ற பழைய தேசிய அளவுகோலை வைத்தால் ஏறக்குறைய 43 நிலையங்கள் வரும். அந்த எண்ணோடு நின்றுவிடாதே. நகர்ப்புறத்துக்குச் சொல்லப்படும் ஐந்து முதல் ஏழு நிமிட வருகைதான் உண்மையான அளவு. மாலை ஆறரை மணிக்கு ரங்கநாதன் தெருவுக்கும் சௌகார்பேட்டைச் சந்துகளுக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று அழைப்புப் பதிவேட்டிலிருந்து எடு. சராசரியை எழுதாதே. மோசமான பத்தில் ஒரு பங்கு அழைப்புகளைத் தனியாகக் காட்டு, உயிர் போவது அங்கேதான்.

தண்ணீரையும் நிமிடத்தில் கணக்கிடு. வாட்டர் டெண்டரில் வழக்கமாக 4,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு பிராஞ்சுகளை (ஹோஸ் முனைகளை) திறந்தால் ஐந்து நிமிடத்தில் தொட்டி காலி. பழைய தெரு ஹைட்ரண்டுகள் பெரும்பாலும் பயனற்றுப்போன நகரத்தில், அடுத்த தண்ணீர் லாரி எங்கிருந்து நிரம்பி வருகிறது என்பது பெரிய கேள்வி. 2019 கோடையில் நகரத்து ஏரிகள் வறண்டு கிடந்ததை நீ பார்த்திருப்பாய். அப்படி ஒரு ஆண்டு மறுபடி வந்தால் எங்கே நிரப்புவது என்று குடிநீர் வாரியத்தோடு இப்போதே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது ஆய்வுப் பணியை. தியாகராய நகரில் 2017 மே 31 அன்று பிடித்த துணிக்கடைத் தீயை நினைத்துப் பார். ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. வண்டிகள் வரிசையாக நின்றன. ஆனால் புகை வெளியேற வழியில்லாத, நம் ஆட்கள் உள்ளே நுழையத் திறப்பில்லாத கட்டடத்தின் முன்னால் எத்தனை வண்டி நின்று என்ன பயன்? அந்தத் தீயை அணைக்க வேண்டிய நேரம், வரைபடம் ஒப்புதலுக்கு வந்த நாள். 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட பள்ளியிலும் இதே கதைதான். கூரையும் சமையலறையும் குறுகிய படியும் தீப்பிடிப்பதற்கு முன்பே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தன.

ஆகவே ஆய்வுக்குத் தனிப் பணியிடங்கள் கேள். நிலைய அலுவலரே அழைப்புக்கும் ஓடி, சான்றுக்கும் கையெழுத்துப் போடும் முறையில் இரண்டுமே கெடும். இன்னொன்றையும் கவனி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரையும் அதற்கு மேற்பட்டதையும் உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் அது 18.30 மீட்டரைத் தாண்டினால்தான். இடையில் இருப்பது ஒரு மாடி உயரம். அந்த உயரத்துக்குள் எத்தனை குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன, அவற்றில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று ஒப்புதல் பதிவேடுகளிலிருந்து எடுத்தால், உன் திட்டத்தின் மிக முக்கியமான அட்டவணை அதுவாகவே இருக்கும். அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 1959இல் திறக்கப்பட்டு 1975இல் தீப்பிடித்தது. இன்று ஒப்புதல் பெறும் கோபுரங்களின் தீ எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உன் திட்டக் காலத்துக்குள் வரலாம் என்று வைத்துத்தான் எழுத வேண்டும்.

நம் துறையின் பெயரில் மீட்பும் இருக்கிறது. மௌலிவாக்கத்தில் 2014இல் 61 பேரைக் கொன்ற கட்டட இடிபாடு, 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல், அன்றாடம் வரும் பாம்பு, கிணறு, குளவிக்கூடு எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான் போகிறார்கள். பாம்புக்குப் போன வண்டி திரும்பும் வரை அந்த நிலையத்தில் தீக்கு வண்டி இல்லை என்பதை ஒரு நாள் பதிவேட்டை வைத்தே காட்ட முடியும். மக்கள் அழைப்பதை நிறுத்தச் சொல்லாதே, அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சிறு மீட்புக்கு இரண்டு பேர் போகும் சிறு வண்டியைத் தனியே கேள்.

ஏப்ரல் 14 அன்று நாம் நினைவுகூர்வது 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் மாண்ட 66 தீயணைப்பாளர்களை. 2020 தீபாவளி நாளில் மதுரைத் துணிக்கடை ஒன்றின் பழைய கட்டடம் இடிந்து நம்மவர் இருவர் இறந்தார்கள். பழைய நகரங்களின் கடைத்தெருக்களில் எந்தக் கட்டடம் எத்தனை வயது, எதன்மேல் நிற்கிறது என்ற விவரம் போகும் வழியிலேயே அலுவலரின் கையில் இருக்க வேண்டும். அதைத் தொகுப்பதற்கான ஆட்களும் காலமும் திட்டத்தில் ஒரு தலைப்பாக வரட்டும்.

வரைவு முடிந்ததும் உடனே கோட்டைக்கு அனுப்பிவிடாதே. வடசென்னையில் ஒன்று, புறநகரில் ஒன்று என இரண்டு நிலையங்களுக்கு எடுத்துப்போ. ஓட்டுநரையும் முன்னணித் தீயணைப்பாளரையும் உட்காரவைத்து முழுவதையும் படித்துக்காட்டு. நடக்காது என்று அவர்கள் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு, திருத்தி எழுதிய பிறகு அனுப்பு.

அன்புடன்,
உன் மூத்த சகப் பணியாளன்