புளூடூத் பெயரில் ஒரு சதவீதக் குறி

அன்புள்ள தங்கைக்கு,

காரின் மல்டிமீடியா பெட்டிக்கு சி கோடு எழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறாய், அதற்கு உதவும் ஒரு கதை சொல்கிறேன். மறைமலை நகரிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 முதல் அங்கே பிஎம்டபிள்யூ ஆலை இருக்கிறது. அந்த நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு 330ஐ காரைப் பற்றி 2017இல் ஒரு பாதுகாப்புக் குறை பதிவானது. (அந்த ஆலையில் தயாரான வண்டி என்று நான் சொல்லவில்லை.) புளூடூத் பெயரில் %எக்ஸ் அல்லது %சி வைத்த கருவி ஒன்று போதும், மல்டிமீடியா மென்பொருள் விழுந்துவிடும்.

பெயரை, சியின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃபின் முதல் இடத்தில் அப்படியே கொடுப்பதால் வரும் வினை இது. அந்த இடத்தில் நிற்பது ஃபார்மட் என்னும் கட்டளை. பின்னால் எத்தனை மதிப்புகள் வந்தன என்று பிரிண்ட்எஃபுக்குத் தெரியாது; சதவீதக் குறிகளை நம்பி எடுத்துக்கொண்டே போகும். %எக்ஸ், ஸ்டாக்கில் கிடப்பதைக் காட்டிக்கொடுக்கும். %எஸ், அகப்பட்ட எண்ணை முகவரியாக நினைத்து அங்கே போய்ப் படிக்கும். பெரும்பாலும் அங்கேதான் கிராஷ். %என் நினைவகத்தில் எழுதவே செய்யும். இப்படியொரு வசதியை யார் கேட்டார்களோ! ஆண்ட்ராய்டின் சி லைப்ரரி அதை ஏற்பதே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஐஃபோனும் தப்பவில்லை. 2021 ஜூனில், சதவீதக் குறிகள் நிறைந்த பெயருள்ள வைஃபையில் இணைந்த ஐஃபோன்களில் வைஃபையே முடங்கியது. நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தால்தான் திரும்பியது.

அதனால் முதல் இடத்தில் நீ எழுதிய "%எஸ்" மட்டும் நிற்கட்டும். பெயர், பார்கோடு, பாட்டின் தலைப்பு எல்லாம் அதற்குப் பின்னால். இது உனக்குத் தெரியும். ஆனால் திரைக்குப் போகும் வரியை நாலு பேர் ரிவ்யூ செய்வார்கள், லாக் வரியை ஒருவரும் பார்ப்பதில்லை. அதிலும் உங்கள் குழு சொந்தமாக லாக் ஃபங்ஷன் வைத்திருந்தால், அது பிரிண்ட்எஃப் வகை என்று கம்பைலருக்குத் தெரியாது, வாய் திறக்காது. அதன் அறிவிப்பில் ஃபார்மட் அட்ரிபியூட்டைச் சேர். ஜிசிசி கம்பைலரின் ஃபார்மட்-செக்யூரிட்டி எச்சரிக்கையை எரராக மாற்று. முதல் பில்டில் பழைய கோடு நிறையச் சிவக்கும். சீனியர்கள் முணுமுணுப்பார்கள், விடாதே.

சி கோடுக்கான மிஸ்ரா விதிகள், பிரிண்ட்எஃப் இருக்கும் எஸ்டிடிஐஓ லைப்ரரியையே தடுக்கின்றனவே என்பாய். தடுப்பது லைப்ரரியைத்தான், அதே பாணியில் நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்குள் அதே குழி இருக்கும். தமிழ், இந்தி வாசகங்களை ஃபார்மட்டாகவே வைத்திருக்கும் மொழிக் கோப்பையும் பார்த்துவிடு: மூலத்தில் இருக்கும் குறிகளே, அதே வகையில், மொழிபெயர்ப்பிலும் இருக்கின்றனவா என்று பில்டிலேயே ஒப்பிடச் சொல்.

அன்புடன்,
அண்ணன்