ஊசிக்கு முன்னால் ஒரு கையெழுத்து

இந்த முறை பாடம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருவரைப் போலீஸ் பிடிக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு "முடியாது" என்கிறார். அவர் கையைப் பிடித்து ஊசி குத்தலாமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதை அலசி வருகிறது. அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, மனித உடலுக்கும் அது பொருந்தும்.

1966-இல் ஷ்மெர்பர் வழக்கு. விபத்துக்குப் பிறகு, மறுத்தவரிடமிருந்து வாரண்ட் இல்லாமலே ரத்தம் எடுத்தார்கள். 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்றது. ரத்தத்தில் மது குறைந்துகொண்டே போகிறது. விபத்தை விசாரித்து, ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவே நேரம் ஓடிவிட்டது. நீதிபதியைத் தேட அவகாசம் இல்லை. காரணம் இதுதான்.

அப்படியென்றால் எல்லா வழக்குமே அவசரம்தானே? பொறியியல் படிக்கிற எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. மது மணிக்குச் சுமார் 0.015 முதல் 0.02 சதவீதம் வரை குறையும். அளவு இறங்கத் தொடங்கிய பின், இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 0.10 இருந்தால், முன்பு சுமார் 0.13, 0.14 இருந்திருக்கும். சாட்சியம் பட்டென்று மறைவதில்லை. மெதுவாக, கணக்கிடக்கூடிய வேகத்தில் குறைகிறது.

2013-இல் மெக்நீலி வழக்கில் நீதிமன்றமும் இதைக் கவனித்தது. மது குறைகிறது என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பார்க்கணும். பல மாநிலங்களில் போனிலேயே வாரண்ட் வாங்கலாமே!

2016-இல் பர்ச்ஃபீல்ட் வழக்கு இன்னொரு கோடு போட்டது. கைதானவரை வாரண்ட் இல்லாமல் ஊதச் சொல்லலாம். ரத்தம் அப்படியல்ல. ஊசி தோலைத் துளைக்கிறது. போலீஸ் கையில் தங்கும் ரத்தத்திலிருந்து மது அளவுக்கு மேலும் பல விஷயம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் 2019-இல் மிட்செல் வழக்கில், ஓட்டுநர் மயங்கிக் கிடந்தால் பெரும்பாலும் வாரண்ட் தேவைப்படாது என்று நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். கோடு இன்னும் நகர்கிறது.

சரி, கோர்ட் உத்தரவு இருந்தால் எதுவும் செய்யலாமா? அதுவும் இல்லை. வர்ஜீனியாவில், சந்தேக நபரின் உடலில் இருந்த தோட்டாவை மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுக்கக் கீழ்க் கோர்ட் அனுமதித்தது. வேறு சாட்சியம் இருக்கும்போது அந்த அறுவை நியாயமில்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

குடிகார ஓட்டுநரால் உயிர் போன குடும்பத்துக்கு நீதி வேண்டும். அதை மறக்கக் கூடாது. வாரண்ட் அந்த நீதியைத் தடுப்பதில்லை. சம்பவ இடத்தில் கோபத்தோடு நிற்பவர் முடிவெடுக்காமல், தள்ளி நின்று பார்க்கிற இன்னொருவர் முடிவெடுக்க வைக்கிறது.

நண்பர்களோடு பேசிப் பாருங்கள்: மயங்கிக் கிடப்பவருக்காக "முடியாது" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?