கோழி வளர்ப்பும் நோய்க் காப்பும்

"கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், நோய் மிதித்தால் குஞ்சும் சாகும், தாயும் சாகும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில், லயத்து வீட்டின் பின்புறம் கோழி வளர்த்த குடும்பங்கள் இதனை நன்கறியும். நேற்றுவரை மேய்ந்த கோழி இன்று தலை தொங்கி நிற்கும், பச்சையாய்க் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். சில நாள்களில் கூடு வெறுமையாகிவிடும். பிள்ளைகளுக்கான முட்டையும், தீபாவளிக்கென வளர்த்த சேவலும் போய்விடும்.

இதுவே நியூகாசில் நோய். தமிழ்நாட்டில் இதனை வெள்ளைக் கழிச்சல் என்பர்; மலாய் மொழியில் 'சம்பார் ஆயாம்' என்பர். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் சாவகத் தீவிலும் இது கண்டறியப்பட்டது.

நோயைத் தாங்கும் இனத்தை நாமே உருவாக்க முடியாதா? ஓரளவு முடியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1935இல் ஹட் என்னும் அறிஞர் இம்முயற்சியைத் தொடங்கினார். கோழிகளை முடமாக்கும் ஒருவகை நோயில் எக்குடும்பத்துக் கோழிகள் மிகுதியும் பிழைத்தனவோ, அக்குடும்பத்தையே இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்தார். தலைமுறைதோறும் தாங்கும் ஆற்றல் வளர்ந்தது.

நாமோ, நல்ல விலை வருகிறதென்று திடமான சேவலை விற்றுவிட்டு, விலைபோகாத சோனியை இனத்திற்கு வைத்துக்கொள்கிறோம். இது விதைநெல்லை உண்டுவிட்டுப் பதரை விதைப்பதை ஒக்கும். நோய்நொடியின்றி வளர்ந்த, குஞ்சுகளை நன்கு காக்கும் கோழியின் வழியையே நாம் பெருக்க வேண்டும். தந்தைச் சேவலை அதன் பெட்டைகளோடு சேரவிடாமல் காலத்தில் மாற்றவும் வேண்டும்.

எனினும், நியூகாசில் நோயை இனத்தேர்வு மட்டும் தடுக்காது. தடுப்பு மருந்து இன்றியமையாதது. மரத்தில் அடையும் கம்பத்துக் கோழியைப் பிடித்து மருந்திடல் எளிதன்று. மருந்தும் வெப்பத்தில் கெடும். ஆதலின், 1980ஆம் ஆண்டுகளில் செர்டாங்கிலிருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழக அறிஞர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் 'வி-4' மருந்தைத் தீனியில் கலந்து கொடுத்து ஆராய்ந்தனர். தீனியில் கொடுப்பதைவிடக் கண்ணில் சொட்டாக விடுதலே உறுதியான பயன் தருமெனப் பின்னர்ப் பல நாடுகளின் அனுபவம் காட்டியது. மருந்து நோயுற்ற கோழியைக் குணமாக்காது. நலமாயிருக்கும்போதே இட்டு, குறித்த காலத்தில் மீண்டும் இடவேண்டும். கால்நடைச் சேவைத் துறையினரிடம் இதுபற்றிக் கேட்டறியலாம்.

கோழிக் கூட்டத்திற்கும் ஓர் ஒழுங்குண்டு. எது எதைக் கொத்தலாம் என்னும் வரிசை அவற்றிடையே இருப்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப்-எப்பே 1921இல் விளக்கினார். புதுக்கோழி வந்தால் அவ்வரிசை குலைந்து சண்டை மூளும். எனவே, புதிதாக வாங்கியதை 14 நாள்களாவது தனியே அடைத்து வைப்போம். நோயில்லை எனத் தெளிந்தபின், இரவில் மற்றவற்றோடு சேர்ப்போம். தீனித் தட்டை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் எளியவையும் உண்ணும். காயம்பட்டதை உடனே பிரிக்காவிடில், குருதியைக் கண்டு மற்றவை கொத்திக் கொன்றுவிடும்.

மாணவர்களே! நோய் கண்டபோது எஞ்சியவற்றை அவசரமாக விற்பதும், செத்ததைக் கால்வாயில் எறிவதும் அடுத்த லயத்திற்கு நோயை அனுப்புவதாகும். செத்ததை ஆழப் புதைப்போம், கை கழுவுவோம், அண்டை வீட்டாருக்கும் அறிவிப்போம். வேலியைத் தாண்டும் நோயை ஒரு வீட்டார் மட்டும் தடுக்க இயலாது. லயம் முழுதும் ஒரே நாளில் மருந்திட்டால், எல்லார் கூடும் நிறைந்திருக்கும்.