மேசைக் கணினியின் எதிர்காலம்

"கையடக்கத் தொலைபேசி வந்த பின்னர் மேசைக் கணினி தேவையற்றதாகிவிட்டது." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா?

இத்தகைய வினாவுக்கு "ஆம்", "இல்லை" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. காரணங்களையும் எழுத வேண்டும். அவற்றை இங்கு நோக்குவோம்.

1. மாற்றம் ஏற்பட்ட விதம்

ஐபிஎம் நிறுவனம் 1981 இல் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் கணினி என்றதும் மேசைமீதுள்ள பெட்டியும் திரையுமே நினைவுக்கு வந்தன. 2007 இல் ஐபோனும், 2008 இல் முதலாவது ஆண்ட்ரொயிட் தொலைபேசியும், 2010 இல் ஐபாடும் வெளிவந்தன. 2008 இல் உலகச் சந்தையில் மடிக்கணினி விற்பனை மேசைக் கணினியை முந்தத் தொடங்கியது. 2016 ஒக்ரோபரில் உலகின் இணையப் பயன்பாட்டில் தொலைபேசியும் டப்லட்டும் சேர்ந்து, மேசைக் கணினியையும் மடிக்கணினியையும் முதன்முறையாக முந்தியதாக ஸ்டாட்கவுண்டர் நிறுவனம் கணித்தது.

2. மேசைக் கணினி மறையாமைக்கான காரணங்கள்

(அ) வலுவும் வெப்பமும்: தொலைபேசியின் மின்கலம் சிறியது. வெப்பத்தை வெளியேற்றப் பொதுவாக விசிறியும் இல்லை. ஆகவே அதன் முறைவழியாக்கி சில வாற்று வலுவிலேயே இயங்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்து சூடேறினால் வேகம் குறையும். மேசைக் கணினியின் முறைவழியாக்கி 65 வாற்றும் அதற்கு மேலும் பயன்படுத்தலாம். காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளுக்கு இது அவசியமாகும்.

(ஆ) திருத்தமும் தரமுயர்த்தலும்: நினைவகம், வன்தட்டு, வலுவழங்கி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். தொலைபேசியில் இவை பெரும்பாலும் பலகையில் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன.

(இ) உள்ளீடும் வெளியீடும்: பெரிய விரிதாளைத் தயாரிக்கவும் நீண்ட கட்டுரையைத் தட்டச்சு செய்யவும் சாவிப்பலகை, சுட்டி, அகன்ற திரை ஆகியன உதவுகின்றன.

(ஈ) உருவாக்கம்: ஐபோன் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருள்கூட ஐபோனில் இயங்குவதில்லை, மக் கணினியிலேயே இயங்குகின்றது.

3. குறைபாடுகள்

மேசைக் கணினியை எளிதில் எடுத்துச் செல்ல இயலாது. உள்ளே மின்கலம் இல்லாமையால், தடையில்லா மின்வழங்கி இல்லாதவிடத்து மின் தடைப்பட்டதும் நின்றுவிடும்; சேமிக்காத வேலை அழியும். 2022 இல் இலங்கையில் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டபோது இக்குறைபாடு நன்கு உணரப்பட்டது.

4. எதிர்காலம்

2010 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தனியாள் கணினியை லொறிக்கு ஒப்பிட்டார். கார்கள் பெருகினாலும் பாரம் ஏற்ற லொறி வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை என்பது அதன் கருத்தாகும்.

இரு வகைகளும் இன்று ஒன்றையொன்று நெருங்குகின்றன. 2017 இல் அறிமுகமான சம்சுங் டெக்ஸ் வசதி மூலம் தொலைபேசியைத் திரையுடனும் சாவிப்பலகையுடனும் இணைத்துப் பயன்படுத்த முடிந்தது. 2020 இல் அப்பிள் நிறுவனம், தொலைபேசிச் சில்லுகளின் வழிவந்த எம்1 சில்லை மக் மினி மேசைக் கணினியில் பொருத்தியது.

எனவே மேசைக் கணினி மறையவில்லை. அதன் பணி மாறியுள்ளது எனலாம்.

மாணவர் கவனத்திற்கு: வீட்டில் தொலைபேசி மட்டுமே உள்ளதா? பாடத்தை வாசிக்கவும் காணொளி பார்க்கவும் அது போதும். ஆனால் விரிதாளும் செய்நிரலாக்கமும் கைப்பழக்கத்தால் வருபவை. பாடசாலைக் கணினி கூடத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பாடவேளையையும் இவற்றுக்கே பயன்படுத்துங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மேசைக் கணினியின் அனுகூலங்கள் இரண்டும் பிரதிகூலங்கள் இரண்டும் தருக.
2. தொலைபேசியின் முறைவழியாக்கி குறைந்த வலுவில் இயங்க வேண்டியிருப்பது ஏன்?
3. ஆரம்பக் கூற்றுக்கு உமது விடையைக் காரணங்களுடன் எழுதுக.